ஸ்மோக்கி மலையில் இலையுதிர்கால வார இறுதி: குடும்பமும் தூண்டில் நண்பர்களும் சேர்ந்து போக ஒரு முழுமையான வழிகாட்டி

அட்லாண்டா, சார்லட், நாக்ஸ்வில் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அக்டோபர் பிறந்தால் ஸ்மோக்கி மலைப் பேச்சும் தொடங்கிவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கேபின் எடுப்பார்கள். கூட்டத்தில் இரண்டு பேராவது தூண்டில் பிரியர்களாக இருப்பார்கள். அங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. தூண்டில்காரர்கள் இருட்டிலேயே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள் மதியம்வரை கேபினில் காத்திருந்துவிட்டு, அப்புறம் ஊரே கூடி நிற்கும் மலைப்பாதையில் கார் ஜன்னல் வழியாக இலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இரண்டு தரப்புக்கும் மனக்குறை.

இந்தப் பிரிவு தேவையே இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வழிகாட்டி. ஏரியிலும் ஆற்றிலும் தூண்டில் போட்டுப் பழகிய நமக்கு விடிகாலையும் அந்தியும்தான் மீன் கடிக்கும் நேரம். கோடையில் ஸ்மோக்கி ஓடைகளிலும் அப்படித்தான். அக்டோபர் பாதிக்கு மேல் கணக்கு மாறிவிடுகிறது. இரவில் குளிர் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் கீழே இறங்கும். ஓடைத் தண்ணீர் சில்லென்று ஆகி, ட்ரவுட் மீன்கள் காலையில் மந்தமாகக் கிடக்கும். பள்ளத்தாக்குக்குள் வெயில் இறங்கித் தண்ணீர் கொஞ்சம் சூடேறி, பூச்சிகள் மேலே வரத் தொடங்கும்போதுதான் மீனும் இரை தேடும். பத்து, பத்தரையிலிருந்து மாலை நான்குவரை நல்ல நேரம். ஆகவே விடியலையும் அந்தியையும் எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். நடுப்பகலில் மட்டும் தூண்டில். அந்த நடுப்பகலிலும் ஒரே கரையில் குடும்பத்துக்கு வேலை இருக்கிற ஓடையாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் யாரும் யாரையும் விட்டுப் பிரிய வேண்டியதில்லை. கீழே வரும் திட்டம் முழுக்க இதை வைத்துப் போட்டதுதான்.

1. தேதி குறிப்பது

இந்த மலையில் நிறம் மேலிருந்து கீழே இறங்கி வரும். 4,000 அடிக்கு மேல் உள்ள காடுகளில் செப்டம்பர் நடுவிலேயே மஞ்சள் தட்டத் தொடங்கி, அக்டோபர் முதல் பாதியில் நன்றாகப் பூத்துவிடும். நடுமலையிலும் அடிவாரத்திலும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை உச்சம். மேப்பிள், ஹிக்கரி, ஓக், ஸ்வீட்கம் எல்லாம் சேர்ந்து சிவப்பும் பொன்னுமாக நிற்பது இந்தக் கீழ்ப்பகுதியில்தான். இந்த மலைகளை உள்ளடக்கிய ஸ்மோக்கி தேசியப் பூங்காவுக்குள் 100 வகைக்கு மேல் நாட்டு மரங்கள் இருப்பதால் எல்லாம் ஒரே நாளில் மாறி ஒரே நாளில் உதிர்ந்துவிடுவதில்லை. ஒரு வாரம் முன்பின் ஆனாலும் எங்காவது ஓர் உயரத்தில் நிறம் கிடைக்கும்.

நம் திட்டத்துக்கு அக்டோபர் மூன்றாவது, நான்காவது வார இறுதிகள் பொருத்தம். மீன் பிடிக்கும் ஓடைகள் அடிவாரத்தில் இருக்கின்றன, நிறமும் அப்போது அங்கே வந்திருக்கும். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை அரசு விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் தாங்காது. பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு என்றால் வெள்ளிக்கிழமை மதியமே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.

நம் வீட்டுக் காலண்டரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். நவராத்திரி கொலுவும் தீபாவளியும் இதே வாரங்களில்தான் வந்து விழும். சங்க விழா, பிள்ளைகளின் பாட்டு நிகழ்ச்சி என்று யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது இதனால்தான். ஆகஸ்டிலேயே எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவது நல்லது.

2. எந்த ஊரில் தங்குவது

பூங்காவுக்கு டென்னசி பக்கம் கேட்லின்பர்க், டவுன்சென்ட் வழியாக நுழையலாம். வட கரோலினா பக்கம் செரோகி, ப்ரைசன் சிட்டி. பெரும்பாலோர் போவது கேட்லின்பர்க். கடைகளும் பிள்ளைகளுக்கான விளையாட்டுகளும் அங்கே அதிகம். ஆனால் அக்டோபர் சனிக்கிழமையில் அந்த ஊரைக் கடப்பதற்கே பாதிப் பொழுது போய்விடும். கேட்ஸ் கோவ் சுற்றுப்பாதை வெறும் 11 மைல்தான் என்றாலும் இலையுதிர்கால வார இறுதியில் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துதான் போகும்.

மீன்காரர்கள் கூட இருக்கும் பயணத்துக்கு நான் ப்ரைசன் சிட்டியைத்தான் சொல்வேன். சின்ன ஊர். டீப் க்ரீக் ஓடை ஊரிலிருந்து 2 மைல். செரோகியும் ஒக்கொனலஃப்டி ஆறும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில். தெற்கு அப்பலாச்சிய மலைகளின் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போலக் கட்டிய செயற்கை ஈயை வீசி மீன் பிடிப்பது) வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும், இந்த ஆறுகளின் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் காட்டும் காட்சியகமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாம். நடக்க முடியாத தாத்தா பாட்டி உடன் வந்தால், இங்கிருந்து கிளம்பும் சுற்றுலா ரயில் இருக்கிறது. நான்டஹாலா பள்ளத்தாக்குக்குள் ஆற்றை ஒட்டியே போய் வருவதற்கு நாலரை மணி நேரம் ஆகும். அக்டோபர் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கேபின் எடுக்கும்போது படங்களை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுக்காரரிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஏறும் பாதை எவ்வளவு செங்குத்து, தார் போட்டதா ஜல்லியா, மினி வேன் ஏறுமா? தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் உண்டா? ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் இது முக்கியம். வெளியே தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? நனைந்த பூட்ஸைக் கழுவவும் மீன் சுத்தம் செய்யவும் தேவைப்படும். கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டி உண்டா?

கூடாரம் போட விரும்புகிறவர்களுக்குப் பூங்காவுக்குள் டீப் க்ரீக்கிலும் ஸ்மோக்மான்ட்டிலும் இடம் இருக்கிறது. ரெக்ரியேஷன் டாட் காவ் தளத்தில் ஆறு மாதம் முன்பே திறக்கும். அக்டோபர் வார இறுதிகள் அப்போதே போய்விடும். விறகை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. மரத்தை அழிக்கும் பூச்சிகள் விறகோடு பரவுவதால், சூடேற்றிப் பதப்படுத்தி முத்திரை போட்ட விறகுக்கு மட்டுமே பூங்காவில் அனுமதி.

வழியைப் பொறுத்தவரை, சார்லட்டிலிருந்தும் அட்லாண்டாவிலிருந்தும் ஏறக்குறைய மூன்று மணி நேரம், நாக்ஸ்வில்லிலிருந்து மலையைக் கடந்து இரண்டு மணி நேரம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்த மலைகளின் சாலைகளைப் பிய்த்துப் போட்டது. ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையே ஆறு அடித்துக்கொண்டு போனது. சீரமைப்பு வேலை நீண்டு போகும் இடங்கள் இருப்பதால், கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்காவின் தளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

3. லைசென்ஸும் விதிகளும்

இந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். பூங்காவுக்குள் லைசென்ஸ் விற்பதில்லை, போன் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது.

பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்க வட கரோலினா அல்லது டென்னசி லைசென்ஸ், இரண்டில் ஒன்று போதும். எதை வைத்திருந்தாலும் பூங்கா முழுக்கச் செல்லும். வட கரோலினா பக்கம் 16 வயதுக்குக் கீழும், டென்னசி பக்கம் 13 வயதுக்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். வருடம் முழுக்கப் பிடிக்கலாம். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரை.

நம்மவர்கள் சறுக்குவது இரைப் பெட்டியில்தான். பூங்கா ஓடைகளில் புழு, மாவு, மக்காச்சோளம், வாசனைத் திரவம் எதுவும் கூடாது. போடாவிட்டாலும், தூண்டிலோடு கரையில் நிற்கும்போது கையில் வைத்திருப்பதே குற்றம். செயற்கை ஈ அல்லது செயற்கை இரை மட்டும், அதுவும் ஒற்றை முள்ளோடு. கடையில் வாங்கும் ஸ்பின்னர்களில் (தகடு சுழலும் செயற்கை இரை) மூன்று முள் சேர்ந்த கொத்து இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டிக்கொண்டு போங்கள். ஈ என்றால் ஒரே தூண்டில் நரம்பில் இரண்டுவரை கட்டலாம்.

ட்ரவுட் 7 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 மீன். ஓடைக் கற்களைப் புரட்டுவதும் அடுக்கி அணை கட்டுவதும் தடை. பிள்ளைகள் செய்ய ஆசைப்படும் முதல் காரியம் அதுதான் என்பதால் முன்பே சொல்லி வைக்க வேண்டும். இந்தப் பூங்காவில் பல்லி போல உருவம் கொண்ட, தவளைக்கு உறவான சாலமாண்டர்கள் ஏறக்குறைய 30 வகை வாழ்கின்றன. ஹெல்பெண்டர் என்ற பெரிய வகையும் அதில் உண்டு. அந்தக் கற்களுக்கு அடியில்தான் அவற்றின் குடித்தனம்.

செரோகி ஊருக்குள் போனால் சட்டம் வேறு. க்வாலா எல்லை என்று அழைக்கப்படும் அந்த நிலம் கிழக்குச் செரோகி என்ற பழங்குடி மக்களுடையது. அங்கே மாநில லைசென்ஸ் தேவையில்லை, அவர்களுடைய அனுமதிச்சீட்டுதான் வேண்டும். அவர்கள் ஆற்றில் ட்ரவுட் வளர்த்து விடுகிறார்கள், பெரும்பாலான பகுதிகளில் புழுவும் அனுமதி. முதன்முதலாகத் தூண்டில் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஈயை வீசக் கற்றுக்கொள்வதற்குள் ஏழு வயதுப் பிள்ளை அலுத்துப்போய்விடும். தக்கையும் மண்புழுவும் என்றால் பத்து நிமிடத்தில் கண்ணை எடுக்காமல் நிற்கும்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் 2023 மார்ச் முதல் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும்: ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருடத்துக்கு 40. வண்டிக்கு ஒன்று.

4. என்ன எடுத்துப் போவது

இந்த ஓடைகள் குறுகலானவை. மேலே ரோடோடெண்ட்ரான் புதர்கள் கவிந்து கிடக்கும். ஏழரையிலிருந்து எட்டரை அடி நீளத்தில் 3 அல்லது 4 எடை எண் போட்ட மெல்லிய தூண்டில் கம்பு போதும். ஒன்பது அடி லீடரும் (நரம்பின் நுனியில் சேர்க்கும் மெல்லிய இழை), ஈ கட்ட 5எக்ஸ் அளவு நரம்பும் சரியாக இருக்கும். ஈக்களில் மிதக்கும் வகைக்குப் பாராசூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், ஆரஞ்சு நிறத்தில் ஸ்டிமுலேட்டர். இந்த மாதத்தில் பெரிய ஆரஞ்சு கேடிஸ் பூச்சிகள் ஓடையில் பறப்பதால் கடைசியது நன்றாக வேலை செய்யும். மூழ்கும் வகைக்கு ஃபெசன்ட் டெயில். மிதக்கும் ஈ ஒன்றைக் கட்டி, அதன் முள்ளிலிருந்து ஒன்றரை அடி நரம்பு விட்டு ஃபெசன்ட் டெயிலைத் தொங்கவிட்டால் மேல் ஈயே தக்கை ஆகிவிடும். முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிக்கொண்டால் மீனுக்கும் நல்லது, பிள்ளைகளின் விரலுக்கும் நல்லது.

தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு வேடர்ஸும் (தண்ணீர் புகாத கால்சட்டை) பிடிமானமுள்ள பூட்ஸும் கட்டாயம். கற்கள் பாசி பிடித்து வழுக்கும். முழங்காலுக்கு மேல் ஓட்டமான தண்ணீரில் இறங்க வேண்டாம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஓடை ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜீன்ஸும் பருத்தி ஸ்வெட்டரும் நனைந்தால் காயாது, குளிர் உடம்புக்குள் இறங்கிவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் உடைதான் வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டு ஜோடி மாற்றுக் காலுறை, பெற்றோருக்குக் குரங்குக் குல்லாயும் கம்பளிச் சால்வையும். ஊரில் டிசம்பருக்கே நடுங்குகிறவர்களுக்கு ஞாயிறன்று ஏறப்போகும் நியூஃபவுண்ட் கேப் கணவாயின் காற்று அதிர்ச்சியாக இருக்கும். மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்களுக்கு மாத்திரையை மறக்காதீர்கள். ஆஃப்லைன் வரைபடத்தை எல்லோர் போனிலும் முன்பே இறக்கி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வெள்ளி இரவு புளியோதரையும் தயிர் சாதமும், சனி காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. வழியில் கடை தேடி நிற்கும் நேரம் மிச்சமாகும்.

5. சனிக்கிழமை

அக்டோபர் நடுவில் இங்கே சூரியன் உதிப்பதற்குள் ஏழே முக்கால் ஆகிவிடும். இதனால் ஒரு நன்மை: பிள்ளைகளை நடுராத்திரியில் எழுப்பாமலே விடியலைப் பார்க்கலாம். ஆறரைக்கு எழுந்து ஏழுக்கு எல்லோரும் கிளம்பி ஒக்கொனலஃப்டி வரவேற்பு மையத்துக்குப் போங்கள். அதை ஒட்டிய புல்வெளிகளில் எல்க் மான்கள் மேயும். இந்த மலைகளில் முற்றிலும் அழிந்துபோயிருந்த இனம். 2001-இலும் 2002-இலும் ஐம்பது சொச்சம் எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்று பெருகியிருக்கின்றன. செப்டம்பரும் அக்டோபரும் அவற்றின் இணைசேரும் பருவம். கிடா எல்க் கழுத்தை நீட்டிக் கொடுக்கும் குரல், அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வருகிறதா என்று திகைக்க வைக்கும் மெல்லிய நீண்ட விசில். பனிமூட்டத்துக்குள்ளிருந்து அது கேட்கும்போது தூண்டில் பிரியர்களுக்கும் மீன் மறந்துபோகும். 50 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது, அது சட்டம். எல்க்கோ கரடியோ உங்கள் பக்கம் வந்தால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். செல்ஃபிக்காகப் பிள்ளையை முன்னால் நிறுத்துகிற வேலையே கூடாது.

அங்கேயே இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, மையத்தின் பின்னால் இருக்கும் பழைய மலைப் பண்ணை வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்பதே கால் வாக்கில் கிளம்பிவிட வேண்டும். பத்துக்குள் டீப் க்ரீக் போய்ச் சேருங்கள். அதற்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

டீப் க்ரீக்கை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த இடத்தின் அமைப்பு. ஓடையை ஒட்டியே அகலமான நடைபாதை. சுமார் இரண்டரை மைல் சுற்றில் மூன்று அருவிகள்: ஜூனி வாங்க், டாம் ப்ராஞ்ச், இண்டியன் க்ரீக். டாம் ப்ராஞ்ச் அருவி கால் மைலை ஒட்டிய தூரம்தான். பாதைக்கு எதிர்க்கரையில் ஓடைக்குள்ளேயே விழுகிறது. நடக்க முடிகிறவர்கள் மூன்றையும் பார்த்துவிட்டு வரலாம், முடியாதவர்கள் டாம் ப்ராஞ்சுக்கு எதிரே உட்கார்ந்துகொள்ளலாம். தூண்டில்காரர்கள் அதே ஓடையில், அதே பாதைக்குக் கீழே நிற்பார்கள். பாட்டி மேலே நடந்து போகும்போதே பேரன் வீசுவதைப் பார்க்கலாம்.

அருவிப் பகுதியில் ஆட்கள் நடமாட்டம் அதிகம், மீன் கூச்சப்படும். அதனால் தூண்டில் குழு இண்டியன் க்ரீக் சேருமிடத்தைத் தாண்டி மேலே போகட்டும். போகும்போது ஒரு நிபந்தனை: இரண்டு இரண்டு பேராக, ஒருவர் கண்ணில் இன்னொருவர் படும் தூரத்தில். சாப்பாட்டு நேரம் ஒரு மணி, இடம் பிக்னிக் மேசை. சிக்னல் இல்லாத காட்டில் இந்த இரண்டையும் வாயால் பேசி உறுதிசெய்துகொண்டு பிரிய வேண்டும்.

இனி வீசும் விதம். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி நகருங்கள், அதன் முதுகுப் பக்கம் இருப்பீர்கள். அக்டோபரில் பொதுவாக மழை குறைவு, தண்ணீர் தெளிந்து இறங்கியிருக்கும். மீன் உங்களைச் சுலபமாகப் பார்த்துவிடும். குனிந்து போங்கள், பளீர் நிறச் சட்டை வேண்டாம், பாறை மறைவில் நின்று வீசுங்கள். தூரம் வீச வேண்டிய தேவையே இல்லை. நரம்பைக் கொஞ்சமாக விட்டு, கம்பை உயர்த்திப் பிடித்து, ஈ மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இறக்குங்கள். பாறைக்குப் பின்னால் அமைதியாக இருக்கும் சின்னக் கசம், வேகமும் மெதுவும் உரசிக்கொள்ளும் நுரைக்கோடு, கரை அரித்த நிழல். இந்த மூன்றில் மூன்று நான்கு வீச்சு; கடிக்கவில்லை என்றால் அடுத்த கல்லுக்குப் போய்விடலாம். பெரிய கசத்தில் மணிக்கணக்கில் நிற்பது இந்த ஓடைக்குப் பொருந்தாது.

இந்தப் பருவத்துக்கே உரிய தொல்லை, மிதந்து வரும் இலைகள். காற்றடித்தால் இரண்டு வீச்சுக்கு ஒரு இலை மாட்டும். ஒற்றை ஈயோடு வீசினால் கொஞ்சம் தப்பிக்கலாம். காற்று பலத்தால் மரம் அடர்ந்த இடத்தை விட்டுவிட்டு ஓட்டம் வேகமாக இருக்கும் பகுதிக்கு மாறுங்கள், அங்கே இலை தேங்காது.

கையில் வருவது பெரும்பாலும் வானவில் ட்ரவுட். மேற்கு அமெரிக்காவிலிருந்து வந்த மீன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் இந்த மலைகளை மொட்டையடித்தபோது ஓடைகள் சூடாகி மண் நிறைந்து, சொந்த மண்ணின் ப்ரூக் ட்ரவுட் உச்சிகளுக்கு ஒதுங்கியது. அப்போது கொண்டுவந்து விட்டவைதான் வானவில் ட்ரவுட்டும் பழுப்பு ட்ரவுட்டும். 1934-இல் பூங்கா அமைந்து காடு திரும்பி வளர்ந்தது. ப்ரூக் ட்ரவுட்டைத் திரும்ப நிலைநாட்ட நீண்ட காலம் அதைப் பிடிக்கவே தடை இருந்து, 2006-இல்தான் நீங்கியது. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ஸ்பெக் என்பார்கள். பச்சை முதுகில் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள், சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி நீல வளையம், இலையுதிர்காலத்தில் வயிறு குங்குமமாகச் சிவந்திருக்கும். கிடைத்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தண்ணீருக்குள் வைத்தே காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். சட்டம் அனுமதித்தாலும், இந்த மாதத்தில் அதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ப்ரூக்கும் பழுப்பும் முட்டையிடும் பருவம் இது. ஓடைப் படுகையில் முறம் அளவுக்கு ஜல்லி மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்துத் தெரிந்தால் அது முட்டைக்கூடு. அதில் கால் வைக்கக் கூடாது, அதன் மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடவும் கூடாது.

மீனை விடும்போது கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை அதன் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். படம் எடுப்பதென்றால் கேமரா தயாரான பிறகு ஒரு நொடி தூக்கி இறக்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழுவை மாற்றுங்கள். காலையில் மீன் பிடித்தவர்கள் செரோகி போய்ப் பிள்ளைகளுக்குப் புழு கோத்துக் கொடுக்கட்டும்; காலை முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் கம்பு பிடிக்கலாம், அல்லது ஆற்றோரம் சும்மா நடக்கலாம். வரவேற்பு மையத்திலிருந்து செரோகி வரை ஒன்றரை மைல் நீளும் ஆற்றங்கரைப் பாதை ஏற்ற இறக்கம் குறைந்தது. இந்தச் சுழற்சியை முன்பே பேசி வைக்காவிட்டால் வேலை எப்போதும் ஒரே ஆட்கள் தலையில் விழும். நம் குடும்பங்களில் அது யார் தலை என்று எல்லோருக்கும் தெரியும்.

6. மாலையும் அடுப்பும்

ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆறுக்குள் கேபின் திரும்பிவிடுங்கள்.

சாப்பிட மீன் வேண்டும் என்றால் செரோகியில் பிடித்ததை வைத்துக்கொள்வதே சரி, அது வளர்த்து விட்ட மீன். பிடித்த உடனே குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு ஐஸில் வையுங்கள். ட்ரவுட் சதை மென்மையானது, தாமதித்தால் குழைந்துவிடும். செதில் பொடிப்பொடியாக இருப்பதால் சுரண்ட வேண்டியதில்லை, தோலோடு பொரிக்கலாம். வஞ்சிரத்துக்குப் பூசுகிற மாதிரி மசாலாவை அப்பினால் மீனின் ருசி தெரியாது. உப்பு, மஞ்சள், இடித்த மிளகு, கொஞ்சம் பூண்டு, எலுமிச்சை. இருபது நிமிடம் ஊறினால் போதும். இரும்புக் கல்லில் மிதமான தீயில் ஒரு பக்கம் மொறுமொறுப்பாகும்வரை தொடாமல் விட்டு, ஒரே தடவை திருப்புங்கள். மீன் கிடைக்காத நாளுக்கும் வழி உண்டு: இந்த மலைப்பக்கம் ட்ரவுட் பண்ணைகள் நிறைய, கடைகளில் புதிதாகவே கிடைக்கும்.

மீன் கழிவையும் மிச்சச் சோற்றையும் வெளியே கொட்டவே கூடாது. இலையுதிர்காலத்தில் கருங்கரடிகள் குளிர்காலத்துக்கு உடம்பைத் தேற்ற இரவும் பகலும் தின்றுகொண்டே அலையும். கழிவைப் பையில் கட்டி, மறுநாள் குப்பை எடுக்கும்வரை ஃப்ரீசரில் வைத்துவிடலாம். கார் கதவைப் பூட்டுங்கள். உள்ளே பிஸ்கட் பாக்கெட் கூட வேண்டாம்.

7. ஞாயிற்றுக்கிழமை

மூட்டை முடிச்சுகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏழரைக்கே கிளம்பி மேலே ஏறுங்கள். நியூஃபவுண்ட் கேப் 5,046 அடி. காரை நிறுத்திய இடத்திலேயே காட்சி விரியும், பெரியவர்கள் ஒரு அடி நடக்க வேண்டாம். அங்கிருந்து 7 மைல் கிளைச்சாலையில் குவோஹி, 6,643 அடி, பூங்காவின் உச்சி. முன்பு க்ளிங்மன்ஸ் டோம் என்று வரைபடங்களில் இருந்தது; 2024-இல் செரோகி மக்களின் பழைய பெயரே மறுபடி அதிகாரபூர்வமாயிற்று. கோபுரத்துக்கு அரை மைல் செங்குத்தான தார்ப்பாதை. உச்சியில் இலைகள் உதிர்ந்துபோயிருக்கும். ஆனால் கீழே பார்த்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் உயரத்துக்கு உயரம் மாறுவது அங்கிருந்து மட்டும்தான் முழுசாகத் தெரியும். பத்து மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள், அதன் பிறகு சாலை நிரம்பிவிடும்.

அட்லாண்டா, சார்லட் போகிறவர்களுக்குத் திரும்பும் வழியிலேயே டில்ஸ்பரோ. ஊரை ஒட்டி டக்கசீஜி ஆறு ஓடுகிறது. அதில் ஒரு பகுதியில் அக்டோபர் 1 முதல் ஜூன் தொடக்கம்வரை பிடித்து விடுவது மட்டுமே அனுமதி: ஒற்றை முள், செயற்கை இரை, ஒரு மீனும் வைத்துக்கொள்ளக் கூடாது. அக்டோபரில் நிறைய ட்ரவுட் கொண்டுவந்து விடுவார்கள். அகலமான ஆறு, தலைக்கு மேல் புதர் இல்லை, ஃப்ளை வீசப் பழகுகிறவர்களுக்கு அருமையான இடம். இங்கே பூங்கா விதி செல்லாது, வட கரோலினா லைசென்ஸேதான் வேண்டும். மேலே அணைகளில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறும். திறப்பு நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு இறங்குங்கள், தண்ணீர் கலங்குவதோ கரைக்கல் மூழ்குவதோ தெரிந்தால் உடனே ஏறிவிடுங்கள். மற்றவர்கள் டில்ஸ்பரோவின் சின்னக் கடைத்தெருவில் மண்பாண்டம், கைவினைப் பொருள் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கலாம். மூன்று மணிக்குக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு.

வீட்டுக்குப் போனதும் பூட்ஸ், வேடர்ஸ், வலை எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி, நன்றாகக் காய வைத்த பிறகுதான் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். இந்த ஆறுகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாசியும் மீன் நோய்களும் ஈரமான பூட்ஸில் ஒட்டிக்கொண்டுதான் போகின்றன. அடுத்த வாரமே வேறு ஓடைக்குப் போகிறவர்கள் இரண்டாவது ஜோடி வைத்துக்கொள்வது நல்லது.